செவந்தியின் பட்டினி நாள்

சிறுத்தைக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. காட்டில் அது தினமும் தின்பதில்லை. எங்கள் தோட்டத்தில் அந்த நாள் செவ்வாய்க்கிழமை.

நான் திருச்சியில் விலங்கியல் படித்தவன். திருவரங்குளம் பக்கம் ஒரு பெரியவர் தம் தோட்டத்தில் வளர்த்த மிருகங்களை நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரடி, சில புள்ளிமான்கள், செவந்தி என்ற பெண் சிறுத்தை. பச்சைமலையில் யாரோ தாயைச் சுட்டுவிட்டு எடுத்துவந்த குட்டி. புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது நான். காடெல்லாம் விறகாகிறது. துப்பாக்கி உள்ளவனெல்லாம் வேட்டைக்காரன். இனி இந்த ஜீவன்களுக்குக் கூண்டுதான் காடு என்பது என் கருத்து. மிருகத்துக்குப் பசி உண்டு, பயம் உண்டு. பொய் கிடையாது.

சென்ற வருடம் பிரகதாம்பாளைக் கல்யாணம் செய்துகொண்டேன். கூண்டிலிருந்து முப்பதடியில் எங்கள் வீடு. உண்டானதிலிருந்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"அது கண்ணு என் வயித்து மேலயே இருக்குங்க. கூண்டுக்குள்ள இருக்கறது அதுவா நாமளான்னே தெரியல" என்பாள்.

வேறு வீடு பார்க்கச் சொல்லி மூன்று முறை கேட்டாள். நான் அருகில் இருந்தாக வேண்டும் என்றேன்.

பெரியவர் காலமான பிறகு தோட்டம் சென்னையிலிருக்கும் அவர் மகனுக்கு வந்தது. திங்கட்கிழமை அவரிடமிருந்து கடிதம். செவந்தியைச் சுட்டுவிட ஆள் வெள்ளிக்கிழமை வருவான் என்று எழுதியிருந்தார். காரணம் கூடவே இருந்தது, பிரகதாம்பாள் அவருக்கு எழுதிய கடிதம். செவந்தி கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் முழங்கையைக் கிழித்துவிட்டதாம். அந்தக் கீறல் வேலியிலிருந்த காரை முள் கிழித்தது. டிஞ்சர் போட்டுவிட்டவன் நான்.

வெள்ளிக்கிழமை ஆள் வருவதை மட்டும் அவளிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய் வழக்கம்போலப் பட்டினி. புதனும் இறைச்சி போடவில்லை. எங்களிடம் வேலை பார்க்கும் அடைக்கலம் சாயங்காலம் வந்து நின்றார்.

"ஒருநாத்தானே சார் பட்டினி? அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கு. பாக்கவே சரியில்ல."

அதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கூண்டு இரண்டு அறை. தண்ணீர்த் தொட்டி முன்னறையில். சிறுத்தையைப் பின்னறைக்கு அனுப்பி, நடுவிலுள்ள இரும்புக் கதவைச் சங்கிலியால் இறக்குவோம். இறக்கியதும் வெளியே சங்கிலியில் சிவப்புத் துணி கட்டுவோம். துணி இருந்தால் முன்னறைக்குள் போகலாம். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்.

வியாழக்கிழமை காலை அடைக்கலத்தை மானுக்குப் புல் அறுக்க அனுப்பினேன். பிரகதாம்பாளைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்தேன். "பாவம், நாளையோட போகப்போகுது" என்று வாளியை எடுத்தாள்.

"துணி கட்டியாச்சாங்க?"

"கட்டியாச்சு."

அது பொய்யில்லை. துணி கட்டியிருந்தது. கதவைத்தான் இறக்கவில்லை.

அவளைக் கொல்ல நினைத்ததாக என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அது சரியல்ல. செவந்தி அவளைத் தொடாது என்று காட்ட நினைத்தேன். காட்டிவிட்டு அன்றே சென்னைக்குத் தந்தி கொடுத்திருப்பேன். இரண்டு நாள் பட்டினி ஏன் என்று கேட்டீர்கள். வயிறு நிறைந்த சிறுத்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் போதும். எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் வாசலுக்கு ஓடினாள். ஓடுவதை எந்தச் சிறுத்தையும் விடாது. வாசல் கதவை நான் வெளியே தாழிட்டிருந்தேன். திறந்திருந்தால் செவந்தி ஊருக்குள் போயிருக்கும், அடித்துக் கொன்றிருப்பார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தாழ்ப்பாள் என் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளுக்கு ஐந்து மாதம் என்பதும் எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு அடைக்கலம் பெரியவரின் துப்பாக்கியோடு ஓடிவந்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரே குண்டு, செவந்தியின் கழுத்தில்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். செவந்தியைச் சுட்டதற்கு அடைக்கலத்தின் மேல் என்ன வழக்கு என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.