ரிவர்ஸ் எடுத்த பாட்டு

வெனிலா: சிரிக்கல... மாதா சத்தியமா சிரிக்கல. நீ சொல்லு. பாட்டை ஆரம்பிச்ச, அப்புறம்?

ரித்தீஷ்: அப்புறம் இன்னா... பின்வரிசையில இருந்த நாலு பேரு எழுந்து நாற்காலிய நவுத்திப் போட்டாங்க.

வெனிலா: ஏன், மழையா?

ரித்தீஷ்: மழையில்ல. வண்டி ரிவர்ஸ் வருதுன்னு.

வெனிலா: எந்த வண்டி?

ரித்தீஷ்: வண்டியே இல்ல வெனிலா! பொம்மையார்பாளையம் கெஸ்ட் ஹவுஸு. மொட்டை மாடி! மொட்டை மாடியில ஏது வண்டி?

வெனிலா: ஐயோ...

ரித்தீஷ்: சிரிக்கற.

வெனிலா: லொக்... இருமல்டா. ஒயரு பத்த வைக்கற ஈயப் புகை. நீ சொல்லு.

ரித்தீஷ்: அங்க மீன் போட வந்த ஒரு பெரியவரு செவுத்துல தட்டிக்கினே, 'வா... வா... வா... ரைட்ல ஒடி... போதும் போதும்'னு கத்தறாரு. வெள்ளைக்காரங்க அதுவும் பாட்டுல சேத்தின்னு நெனச்சுக்கினு கை தட்டறாங்க.

வெனிலா: பரவால்லியே. தேடாமலே உனக்கு ஒரு பாடகர் கெடச்சிட்டாரு.

ரித்தீஷ்: வயித்தெரிச்சலக் கொட்டிக்காத. விழுப்புரத்துலேர்ந்து பஸ் புடிச்சு திண்டிவனம் வந்திருக்கேன், உன் கிண்டல் கேக்கறதுக்கா?

வெனிலா: வேற எதுக்கு வந்த? சரி, மல்லாட்டை எடுத்துக்க, இப்பத்தான் அவிச்ச கடலை. பொழுது சாயறதுக்குள்ள சாப்புட்டுடு, இருட்டினா உங்க ஜைன வீட்டுல தண்ணிதான்.

ரித்தீஷ்: ஒண்ணும் வேணாம்.

வெனிலா: தப்பு அவங்க மேல இல்லடா. முப்பது வருஷத்துப் பழைய கேம் டப்பா அது. புள்ளைங்க பொம்மையக் குதிக்க வுட்டு வெளையாடனது. அதுல வர்றதே நாலு சத்தம். ரெண்டு 'கீ', ஒரு 'பூ', ஒரு 'ஸ்ஸ்'. அதத் தூக்கிக்கினு மேடையேறினா, வண்டி வருதுன்னு தான நெனப்பாங்க?

ரித்தீஷ்: அது கேம்பாய். உலகம் பூரா அதுல மியூசிக் பண்றாங்க. கேசட்டுல பாட்டு எழுதற புரோகிராம் ஏத்தி, நாலே சத்தத்துல...

வெனிலா: எனக்கே சொல்றியா? சித்திர வெயில்ல அதத் தொறந்து, லைட்டு மாத்தி, உள்ளேர்ந்து ஒயரு இழுத்து ஜாக்கு வெச்சுக் குடுத்தது யாரு? நாலு நாளு இதே ஸ்டூல்ல உக்காந்துக்கினு என் கையை வீடியோ எடுத்த. சேனல்ல போட்ட. கை மட்டும் தெரியுது. மூஞ்சு இல்ல, பேரு இல்ல. சத்தத்தக்கூட எடுத்துட்டு வேற ஏதோ பாட்டப் போட்டுட்ட.

ரித்தீஷ்: அது... பைபாஸ் லாரி இரைச்சலு. அதான் எடுத்தேன்.

வெனிலா: ம்... லாரி.

ரித்தீஷ்: பேனப் போடேன். புகை கண்ணக் கரிக்குது.

வெனிலா: பேன் போட்டா பத்த வைக்கற கம்பி சூடு நிக்காது. பத்து வருஷமா நான் இதத்தான் குடிச்சுக்கினு இருக்கேன், நீ பத்து நிமிஷம் குடி. லொக்... இன்னா விஷயம், ஜல்தி சொல்லு. வேலை கெடக்கு.

ரித்தீஷ்: பெங்களூருல ஒரு குரூப்பு. கேம்பாய்ல பாட்டுப் போடறவங்க பதினாலு பேரோட பாட்டச் சேத்து ஆல்பம் கொண்டாராங்க. என் பாட்டு மொதப் பாட்டு! அவங்க ஆளு ஒருத்தரு அன்னைக்கு மாடியில இருந்தாரு. எல்லாம் முடிஞ்சதும் வந்து கேக்கறாரு... 'இது உங்க சொந்த டியூனா, இல்ல தண்ணி லாரி ஹார்ன்லேர்ந்து எடுத்ததா?'

வெனிலா: நல்ல கேள்வி.

ரித்தீஷ்: கீழ எறங்கினா, நெஜமாவே தண்ணி லாரி ரிவர்ஸ் வருது. என் பாட்டு! அப்பிடியே என் பாட்டு! திங்கக்கெழம விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல ஒரு ஷேர் ஆட்டோ. அதுலயும் என் பாட்டு!

வெனிலா: ஹிட்டு குடுத்துட்ட. சந்தோசப்படு.

ரித்தீஷ்: பேஜாரு பண்ணாத வெனிலா. வெள்ளிக்கெழமக்குள்ள 'இது என் சொந்த டியூன்'னு ஆதாரம் அனுப்பலன்னா என் பாட்டத் தூக்கிடுவாங்க. ஊருல எவன் என்னை நம்பினான்? எங்க அப்பா, 'ஒப்பாரிக்குக்கூட உன்னைக் கூப்புட மாட்டானுங்க'ங்கறாரு. எனக்கு இருக்கறது இந்த ஒரு பாட்டுதான்.

வெனிலா: எந்த ஹார்னும் 'பீப் பீப்'னுதான்டா கத்தும். எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

ரித்தீஷ்: இருக்காது. ரெண்டாவது வரியில ஒரு தடங்கல் இருக்கு. டியூன் டக்குனு நின்னு, 'ஸ்ஸ்க்'னு ஒண்ணு வந்து, திரும்ப எடுக்கும். அது என் முத்திரை. அதுக்குப் பேரே 'மூச்சு'ன்னு வெச்சிருக்கேன். அந்த ஒரு எடத்துக்குப் பதினோரு நாளு உழைச்சேன்.

வெனிலா: பதினோரு நாளா?

ரித்தீஷ்: பதினோரு நாளு. உலகத்துல வேற எவனுக்கும் அது தோணாது. அந்த 'ஸ்ஸ்க்'கும் ஹார்ன்ல இருக்கு.

வெனிலா: வேற எவனுக்கும் தோணாது... அது சரி.

ரித்தீஷ்: ஞாயித்துக்கெழம மாடியில வாசிச்சதுக்கு முன்ன அந்தப் பாட்ட நான் எங்கயும் வாசிக்கல. கேம்பாய் என் கைய வுட்டுப் போனது ஒரே ஒரு வாட்டி. ஆடியில ஜாக்கு லூசாப் போச்சுன்னு உன்கிட்ட குடுத்தேன். ஒரு வாரம் இங்கதான் இருந்துச்சு.

வெனிலா: எலி கிலி எடுத்திருக்கும்.

ரித்தீஷ்: வெனிலா!

பிரபு: வெனிலா பாப்பா! பின்னாடி யாரும் இல்லியே? ஆட்டோவ உள்ள வுடறேன்!

வெனிலா: பிரபு அண்ணே, ரிவர்ஸ் போடாத! அப்பிடியே நிறுத்து! அண்ணே... போச்சு.

ரித்தீஷ்: கேளு... கேளு! இதான்! இதான் என் பாட்டு!

பிரபு: பாட்டா? ரிவர்ஸ் ஹார்னு தம்பி. பாப்பா போட்டுக் குடுத்தது.

ரித்தீஷ்: பாப்பாவா?

பிரபு: ஆமா, ஓசியில. ஒலக்கூர் ரூட்ல ஓடற அத்தினி ஷேர் ஆட்டோவுலயும் இதான். ரெண்டு தண்ணி லாரி, ஒரு பால் வண்டி... புள்ளைங்க இதப் பாடிக்கினே பள்ளிக்கூடம் போவுதுங்க. நடுவுல சளி புடிச்ச மாதிரி ஒண்ணு வருது பாரு, 'ஸ்ஸ்க்'குனு? அங்கதான் நான் பிரேக்கு புடிப்பேன். கரெக்டா நிக்கும்.

ரித்தீஷ்: பிரேக்கா!

பிரபு: தம்பிக்கு ஏன் மூஞ்சு இப்பிடிப் போவுது?

வெனிலா: மல்லாட்டை தொண்டையில மாட்டிக்கிச்சு. நீ போயி டீ சாப்புட்டு வாண்ணே, இண்டிகேட்டர் பாத்து வெக்கறேன்.

பிரபு: நல்லா மென்னு தின்னு தம்பி.

ரித்தீஷ்: ...எத்தினி வண்டி?

வெனிலா: நாப்பதத் தாண்டும்.

ரித்தீஷ்: திருடி!

வெனிலா: கத்தாத. பக்கத்துல பஞ்சர் கடை.

ரித்தீஷ்: சிநேகிதின்னு நம்பித்தான குடுத்தேன்? பாலிடெக்னிக்ல மூணு வருஷம் ஒண்ணாப் படிச்சதுக்கு இதான் மரியாதையா? ஒருத்தன் உசுரக் குடுத்துப் போட்ட டியூனக் கேக்காமக் கொள்ளாம எடுத்து, லாரி பின்னாடி கட்டி வுடறது... உனக்கு மனசாட்சி இருக்கா?

வெனிலா: நல்லாப் பேசற. கேக்காமக் கொள்ளாம எடுக்கறது... தப்புதான்.

ரித்தீஷ்: உனக்கு எங்க புரியும்? நீ ஒரு டியூனப் போட்டு, அதை வேற ஒருத்தன் எடுத்துக்கினு போனா அப்பத் தெரியும்.

வெனிலா: நானும் ஒண்ணு போட்டேன்டா. போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு, தேர் கெளம்பறப்ப பாடறதுக்கு. லூர்துமேரி டீச்சர்கிட்ட பாடிக் காட்டினேன். நடுவுல இருமல் வந்துடுச்சு. 'இருமற புள்ள பாடகர் குழுவுல எதுக்கு? மைக்கு ஒயரு பாத்துக்க, போதும்'னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போயி அழுதேன். அதுலேர்ந்து வேலை செய்யறப்ப மட்டும் முணுமுணுத்துக்கறது.

ரித்தீஷ்: அது... அது வேற விஷயம்.

வெனிலா: வேற விஷயந்தான். இப்ப உனக்கு இன்னா வேணும்?

ரித்தீஷ்: எழுதிக் குடு. 'ரித்தீஷ் போட்ட டியூன நான்தான் ஹார்ன்ல ஏத்தினேன்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை சீலு வெச்சுக் குடு. போட்டோ புடிச்சு அனுப்பிடறேன். அப்புறம் நாப்பது வண்டியிலேர்ந்தும் அதக் கழட்டு.

வெனிலா: அவ்ளோதானா? அந்தப் பேனாவ எடு.

ரித்தீஷ்: நெஜமாவா?

வெனிலா: எடுடா. லொக்... லொக்... பாரு, ஒரு வரி எழுதறதுக்குள்ள நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியிருக்கு.

ரித்தீஷ்: தண்ணி குடி.

வெனிலா: தண்ணிக்கெல்லாம் அடங்காது. 'ஸ்ஸ்க்'குனு ஒண்ணு வந்துட்டாத்தான் அடங்கும்.

ரித்தீஷ்: அந்தப் பேப்பரக் குடு, பாக்கறேன்.

வெனிலா: இருடா. எழுதினது சரியா இருக்குதான்னு படிக்கறேன், கேளு. 'விளையாட்டு டப்பாவில் இருந்த டியூனை ஹார்னில் ஏற்றியது நான்தான். ஜாக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆடி மாதம் பாட்டைப் போட்டுக் கேட்டபோது...'

ரித்தீஷ்: போதும். ஏத்தினது நீதான்னு மட்டும் எழுது. மத்தது எதுக்கு?

வெனிலா: ஏன், லாரி இரைச்சல் குறுக்க வருதா?

ரித்தீஷ்: வெனிலா... அந்த வீடியோவ நான் இன்னும் அழிக்கல. நீ முணுமுணுத்த சத்தத்தோடயே வெச்சிருக்கேன். சொல்லணும்னுதான் இருந்தேன்.

வெனிலா: எப்ப, ஆல்பம் வந்தப்புறமா?

ரித்தீஷ்: ஆடியிலயே தெரிஞ்சிருச்சுன்னா, அன்னைக்கே ஏன் கேக்கல?

வெனிலா: நீயா சொல்றியான்னு ரெண்டு மாசம் பாத்தேன். இந்தா, கையெழுத்தும் போட்டாச்சு, சீலும் வெச்சாச்சு, பெங்களூருக்கு அனுப்பு. நாப்பது வண்டியிலேர்ந்தும் ஹார்னக் கழட்டச் சொன்னியே, நாளைக்கே கழட்டிடறேன்டா... மொதல்ல உன் பாட்டுலேர்ந்து என் இருமலக் கழட்டு.