கேள்வி கேக்காத டிஸ்க்

கையக் கொஞ்சம் தூக்குங்க நர்ஸம்மா... ஆங், அப்படித்தான். 'மறுபடியும் அளவா, இப்பத்தானே எடுத்த'ன்னு நீங்க நெனைக்கிறது மொகத்துலயே தெரியுது. என்னையக் கேட்டா? அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்திருக்காரே கம்ப்யூட்டர் டாக்டரு, எங்க வீட்டுக்காரரு... அவரக் கேளுங்க! வேணாம் வேணாம், கேக்காதீங்க. ஒரு வாரமா நான் கேட்ட கேள்விக்கே மனுசன் காது தேஞ்சு போச்சு.

அளவெல்லாம் முன்ன சீட்டுல எழுதிச் சொருகி வச்சிருப்பேன். 'கம்ப்யூட்டர்ல ஏத்திடும்மா, தேடவே வேணாம்'னாரு. ஏத்தினேன். ஊரு சனத்தோட கழுத்து, தோளு, இடுப்பு எல்லாம் அதுக்குள்ள. இப்ப? தொடச்சு விட்டாப்ல போச்சு! ஒருத்தர் விடாமக் கூப்பிட்டு அளந்துக்கிட்டு இருக்கேன். அதுலயும் சில பேரு இடுப்பு இருக்கே... சரி விடுங்க, உங்களச் சொல்லல. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க! ஆஸ்பத்திரியில மட்டும் 'ஆடாத, ஆடாத'ன்னு எங்களுக்கு ஊசி போடுவீங்க, இங்க நீங்க ஆடுறீங்க.

எப்படிப் போச்சா? அதத்தானே சொல்ல வர்றேன்.

கம்ப்யூட்டர்ல பழச அழிச்சுட்டுப் புதுசா எல்லாம் ஏத்தறதுக்குன்னு ஒரு டிஸ்க் இருக்குமில்ல? கடையில கெடைக்கிறது இவருக்கு ஆகாது. அதுல வேண்டாத சாமான் நெறையவாம். வேணுங்கற சாஃப்ட்வேர மட்டும் பொறுக்கி, சொந்தமா ஒரு டிஸ்க் செய்யப் போறாராம். பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ரூமையே இவரு கையில குடுக்கறதாச் சொல்லியிருக்காங்க. ஒவ்வொண்ணா உக்காந்து ஏத்தினா தல நரச்சிடும். டிஸ்க்கப் போட்டமா, டீ குடிச்சமா, வந்து பாத்தா எல்லாம் தயாரா நிக்கணும்.

பொறுக்குறாரு, பொறுக்குறாரு, ஒரு மாசமாப் பொறுக்குறாரு! ஒண்ண எடுத்தா அது 'தனியா வர மாட்டேன்'னு நாலக் கூட்டிட்டு வருதாம், கல்யாண வீட்டுச் சொந்தக்காரங்க மாதிரி. அதுல ஒண்ணத் தள்ளினா மத்ததெல்லாம் கோவிச்சுக்குதாம். டிஸ்க்குல எடம் வேற பத்தல. உடனே தட்டிக்கு மேல தல நீளும். 'ஏம்மா, படம் வரையறது வேணுமா?' 'ஏம்மா, கணக்குப் போடறது இருக்கட்டுமா?' 'ஏம்மா, சீட்டாட்டத்த எடுத்துடவா?' அதுல கை வச்சா கைய ஒடிச்சிடுவேன்னேன். மத்தியானத்துல நா ஒரு ஆட்டம் போடுவேன்... அது வேற கதை.

செஞ்சு முடிச்சு ஒரு பழைய பொட்டியில போட்டுக் காட்டினாரு. அது வழியெல்லாம் கேட்டுக்கிட்டே போகுது. எந்த மொழி? மணி எத்தன? பழசெல்லாம் அழிக்கலாமா? நிச்சயமா அழிக்கலாமா? எனக்கு வந்துச்சே எரிச்சலு! 'நீங்க கேக்கறது பத்தாதுன்னு இதுவுமா? கேள்வி கேக்காம ஒரு வேலையும் செய்யத் தெரியாதா உங்களுக்கு?'ன்னு கத்திட்டேன். உடனே உக்காந்து அத்தன கேள்விக்கும் பதில முன்னாடியே எழுதி டிஸ்க்குக்குள்ளயே வச்சுட்டாரு. இப்ப அது வாயத் தொறக்காது. மடமடன்னு வேலையப் பாக்கும்.

பாத்துச்சே! போன வாரம் காலையில வந்து என் கம்ப்யூட்டரப் போட்டேன். என்னமோ கோடு கோடா ஓடிச்சு. சரி, மெதுவா எந்திரிக்கட்டும்னு நான் பட்டன் தைக்க உக்காந்துட்டேன். நிமிந்து பாத்தா அளவு ஒண்ணயும் காணோம், சீட்டாட்டம் மட்டும் பளபளன்னு நிக்குது!

ஊருக்கெல்லாம் 'நகல் எடுத்து வைங்க, நகல் எடுத்து வைங்க'ன்னு சொல்றவரு, பொண்டாட்டி கம்ப்யூட்டருக்கு எடுத்து வைக்கல. 'என் தப்புதாம்மா'ன்னாரு. விடுவேனா? வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் சொல்லி... தோளத் தளர விடுங்க.

என்ன கேட்டீங்க? டிஸ்க்க உள்ள போட்டது யாருன்னா?

நீங்க வேல பாக்குறது ஆஸ்பத்திரியிலயா, போலீஸ் ஸ்டேஷன்லயா?

மெதுவாப் பேசுங்க... எனக்கு நூலு நூல் டப்பாவுல இருக்கணும், பட்டன் பட்டன் டப்பாவுல இருக்கணும். மேசையில எதுவும் கெடக்கக் கூடாது. மொத நாள் சாயங்காலம் கடைய மூடறப்ப அந்த டிஸ்க்கு நான் வெட்டி வச்ச துணி மேல கெடந்துச்சு. டிஸ்க்குக்கு எடம் எது? அதுக்குன்னு என் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு நீளுதுல்ல, அதானே? வச்சு மூடிட்டேன். காலையில கம்ப்யூட்டரப் போட்டதும் அது பாட்டுக்கு ஓடி அழிச்சிடுச்சு. எடுத்து வச்சது தப்பா? ...தப்புத்தான். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவ்வளவு கத்திட்டேனா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?

இப்ப என்னன்னா, 'இப்படி அழிக்கிறத எப்படிப் பள்ளிக்கூடத்துல குடுக்கறது'ன்னு நேத்து தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு அங்கதான் கெளம்புறாரு. முடியாதுன்னு சொல்லிட்டு வரத்தான் போறாரு. ஒரு மாச உழைப்பு நர்ஸம்மா! அந்தா, செருப்பு மாட்டுற சத்தம்...

ஏங்க! என்னங்க! நில்லுங்க! டிஸ்க்கு மேல ஒரு கொறையும் இல்ல! நான்தாங்க உள்ள வச்சேன். மேசைய ஒதுங்க வைக்கிறேன்னு நான்தான் வச்சேன்!

என்னது? தெரியுமா? எப்படித் தெரியும்?

பாத்தீங்களா நர்ஸம்மா... டிஸ்க்குல என் கட்டவெரலு பதிஞ்சிருக்காம். துணியில கோடு போடுற நீலச் சாக்குக்கட்டி! அன்னைக்கே பாத்துட்டாராம். முடியாதுன்னு சொல்லவும் போகலயாம். 'அழிக்கலாமா'ங்கற அந்த ஒரு கேள்விய மட்டும் திரும்பச் சேத்து, டிஸ்க்கக் குடுக்கத்தான் போறாராம்.

ஏங்க, தெரிஞ்சுமா ஒரு வாரம் எங்கிட்டத் திட்டு வாங்குனீங்க? 'நீதானே வச்ச'ன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன?

என்ன சொல்லிட்டுப் போறாரு, கேட்டீங்களா? 'கேள்வி கேக்காதீங்கன்னு நீதானேம்மா சொன்ன'ங்கறாரு!

சிரிக்காதீங்க நர்ஸம்மா, டேப்பு நழுவுது.