பின்னால நிறைய இடம் இருக்கு

"...அந்த ஆக்டிங் டிரைவரைத்தான் சொல்லணும் மெங் சார். மொத்த வினையும் அவனால வந்தது. டிக்கியில நாலு டப்பா கிம்ச்சி ஊறுகாய் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கனம், வாசல்கிட்ட நிறுத்துப்பான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டானா? அந்தக் கோடிச் சுவரோரம் கொண்டுபோய்ச் சொருகிட்டு, சாவியை என் கையில திணிச்சுட்டு, அடுத்த சவாரிக்கு ஓடிட்டான். அங்கேருந்து நம்ம வாசலுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்? இருபது தப்படி. இருபதே தப்படி."

சனிக்கிழமை காலை. குடியிருப்பின் குப்பை பிரிக்கிற கொட்டகையில் ஏழாம் மாடி மெங் அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் மாடி பியோன் சாங்பே ஒரு கிம்ச்சி டப்பாவை அவர் காலடியில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே உதவிக்கு இறங்கியிருந்தார். அவருடைய மகன் தோக்யோம் குடித்துவிட்டு மெங்கின் காரை இடித்து ஒன்பது நாள் ஆகிறது. சாங்பேயின் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பையன் நல்லவன், தயவு காட்டுங்கள் என்று போலீசுக்கு எழுதியது. கீழே மெங்கின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"குடுங்க, இது பிளாஸ்டிக்தானே... இல்லையா? பால் பெட்டிக்குத் தனியா? எப்ப மாத்தினாங்க? எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வெச்சிருக்காங்க சார். ரோட்டுல ஓட்டினாத்தான் கேஸுன்னு நெனச்சிருந்தேன். பார்க்கிங்ல நகர்த்தினாலே கேஸாம். அந்தப் போலீஸ்காரப் பொண்ணு, என் அண்ணன் மக வயசுதான் இருக்கும், சிரிக்காம சொல்றா, 'ஐயா, சக்கரம் உருண்டா போதும்'னு.

"குடிச்சது எவ்வளவுன்னு நெனக்கறீங்க? மூணு கிளாஸ் சோஜு. இத்தனூண்டு கிளாஸ். ஊத்தினது யாரு? எங்க அண்ணன். பரீட்சை முடிஞ்சாச்சு, கிம்ச்சி போட குடும்பமே அவர் வீட்ல கூடியிருக்கு, வெந்த பன்னிக்கறி ஆவி பறக்குது. குடிக்கறதைப் பெரியவங்ககிட்டதான் கத்துக்கணும், கண்ட பசங்ககூடச் சேர்ந்து கத்துக்கக் கூடாது. அதானே நம்ம வழக்கம்? உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா, உங்க அப்பாதானே... பாருங்க. இவன் ரெண்டு கையாலயும் கிளாஸை வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, அவ்வளவு மரியாதையாக் குடிச்சான். எங்க அண்ணிக்குக் கண்ணே கலங்கிடுச்சு. பதினெட்டு வயசு. புது வருஷம் பொறந்தா சட்டப்படியே குடிக்கலாம். அஞ்சு வாரம் பொறுக்க முடியலையான்னு என் வீட்டுக்காரி இப்ப கேட்கறா. அன்னைக்கு எங்க போனா? உள்ள உட்கார்ந்து முட்டைக்கோஸுக்கு மசாலா தடவிட்டிருந்தா. ராத்தங்கி வரேன்னு அங்கேயே நின்னுட்டா."

மெங் ஒரு பெட்டியின் ஒட்டுத்தாளை மெதுவாக உரித்தார்.

"லைசென்ஸ் எடுத்துப் பதினோரு நாள் சார். சின்னப் பசங்க கேஸுன்னு இப்ப குடும்பக் கோர்ட்டுலருந்து கடுதாசி வரும்ங்கறாங்க. தீயணைப்புப் படிப்புக்கு நேர்முகம் வர்ற புதன்கிழமை. அஞ்சாவது படிக்கறப்பவே தீயணைப்புக்காரன் மாதிரி ஜன்னல்ல கயிறு கட்டித் தொங்கி விளையாடின பய அவன். விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருக்கு, வழக்கு ஏதாவது உண்டான்னு. நேத்து மத்தியானம் பூரா அந்தக் கட்டத்துக்கு முன்னால பேனாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். என்கூடப் பேசறதில்ல. சோறு போட்டா சாப்பிடறான். 'அப்பா, வேனுக்கு நேரமாச்சு'ன்னு மட்டும் சொல்றான். நான் மழலைப் பள்ளி வேன் ஓட்டறவன், தெரியுமில்ல... இருபத்திரெண்டு குழந்தைங்க.

"இந்தக் காலத்துப் பசங்க யார் பேச்சைக் கேட்கறாங்க? 'நானாத்தான் சாவியை எடுத்தேன், அப்பா அங்க இல்ல'ன்னு அவனே ஒத்துக்கிட்டான். போலீஸ்ல எழுதியும் வெச்சாச்சு. அதனால, இந்த இடத்துல நீங்க ஒரு கையெழுத்து..."

மெங் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். எதையோ தேடித் தட்டி, சாங்பேயின் மூக்குக்கு நேரே பிடித்தார். இடிபட்ட காரின் கேமரா எடுத்த படம் அது. ஒருவர் கிம்ச்சி டப்பாவை இடுப்பில் அணைத்தபடி பின்னுக்கு நடந்து வருகிறார். இன்னொரு கை ராணுவ அணிவகுப்பை நடத்துவதுபோல் ஆடுகிறது. "வா, வா... இன்னும் வா. பயப்படாதடா, பின்னால நிறைய இடம் இருக்கு." பிறகு படம் குலுங்குகிறது.

சாங்பே தன் குரலை முழுவதும் கேட்டார்.

"இதுல ரொம்பக் குண்டாத் தெரியறேன்" என்றார்.

மெங் சிரிக்கவில்லை.

"போலீசுக்கு அனுப்பிட்டீங்களா... இல்லையா? ஒன்பது நாளா வெச்சுக்கிட்டேவா இருக்கீங்க?" கையிலிருந்த பால் பெட்டியை எங்கே போடுவதென்று தெரியாமல் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க வீட்டு பெல்லை அடிக்கத்தான் மேல ஓடினேன் சார், நிஜமா. நீங்க லிஃப்ட்ல இறங்கிட்டீங்க. நான் படியில இறங்கி வர்றதுக்குள்ள போலீஸ் வந்தாச்சு, அவன் சொல்லியும் முடிச்சுட்டான். என் பேர் வந்தா வேன் போயிடும்னு அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தேன் சார். அவன் என்னைப் பார்த்தான். மூடிக்கிட்டேன்.

"வேண்டாம்னுதான் சொன்னான். 'நாலு நடை நடந்தா முடிஞ்சதுப்பா, நானே தூக்கிட்டு வரேன்'னான். ஒரு டப்பாவைத் தூக்கினதுமே எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அந்த எரிச்சல்... சாவியை அவன் கையில வெச்சு அமுக்கினேன். அந்த டிரைவர் பாவம், கோடு போட்ட இடத்துலதான் சரியா நிறுத்திட்டுப் போனான்."

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.

"காகிதம் இதுலதானே? சரி. அந்தப் படத்தை எனக்கு அனுப்பிடுங்க. திங்கட்கிழமை நானே ஸ்டேஷனுக்கு... இல்ல, இன்னைக்கே. அவன் அந்தக் கட்டத்துல எதையாவது எழுதறதுக்கு முன்னால."

பையில் செல்போன் ஒருமுறை அதிர்ந்தது. படம் வந்திருந்தது. அவர் நிமிர்ந்தபோது மெங் கிம்ச்சி டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

"மெங் சார், டப்பா மட்டும் திரும்ப வேணும்" என்று சாங்பே பின்னாலிருந்து கூப்பிட்டார். "அவசரமில்ல. இனிமே பகல்ல வீட்டுலதான் இருப்பேன்."