பெரிய டாக்டர் போட்ட பதில்

எனக்குச் சண்டை பிடிக்காது, ஐயா. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட மனைவி கேட்கும் முன்பே நீட்டிவிடுவேன். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் மருத்துவப் பக்கங்களில் யாராவது மல்லுக்கு நின்றால் பஞ்சாயத்து பண்ண என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மூட்டுவலிக்கான ஒரு வேர்ப்பொடியைப் பற்றிய பக்கம் அது. 'கசப்பு மாத்திரை' என்ற புனைபெயரில் எழுதும் மருந்துக்கடைக்காரர் ஒருவர், இந்தப் பொடி சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்று ஒரு வரி சேர்த்தார். ஆதாரம், ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு. பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை இருந்தால்தான் எழுதலாம் என்பது எங்கள் விதி. வரியை நீக்கினேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

மனிதர் லேசில் விடுகிற ஆளில்லை. கொஞ்ச நாளில் அப்படிப்பட்ட கட்டுரையையே தேடிக் கொண்டுவந்து வைத்தார். கூடவே, எல்லோரும் பார்க்க ஒரு குத்தல்: "இப்பவாவது படிங்க நடுவரே. படிக்கத் தெரியும்தானே?"

படித்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் அத்தனை பேர் முன்னால் மூக்குடைபட்ட பிறகு அதை எப்படி ஒப்புக்கொள்வது?

அங்கே எனக்குப் பொய்ப் பெயரில் இன்னொரு கணக்கும் இருந்தது. பெயர் 'பெரிய டாக்டர்'. ஊசி பிடிக்கத் தெரியாத டாக்டர். நீண்ட அனுபவசாலி என்று அவரைப் பற்றி நானே எழுதிவைத்திருந்தேன். அவர் வந்து, கட்டுரையில் கோளாறு இருக்கிறது, தன் நோயாளிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் திருத்த முடியாதபடி பக்கத்தைப் பூட்டினேன். கீழே கேள்வி கேட்கும் பகுதி மட்டும் திறந்திருந்தது.

என் மனைவிக்கு முழங்கால் வலி. மாடி ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். யாரோ அவளுக்கு அந்தப் பொடியைச் சொல்லியிருக்கிறார்கள். "உங்ககிட்ட ஒண்ணு கேட்டா, ஆதாரம் எங்கேன்னு என்னையே கேப்பீங்க" என்று எப்போதும் கேலி செய்வாள். அதனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அந்தக் கேள்விப் பகுதியில் டாக்டருக்கே எழுதிவிட்டாள். "மாசக்கணக்கா சாப்பிடலாமா டாக்டர்?" கீழே அவள் பெயர்.

டாக்டர் வேண்டாம் என்றால் கசப்பு மாத்திரை கப்பென்று பிடித்துக்கொள்வார். "தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா" என்று பதில் போட்டேன்.

முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "என்னங்க, பெரிய டாக்டரே பதில் போட்டுட்டாரு. எவ்ளோ தன்மையான மனுஷன் பாருங்க."

ஆமாம் என்றேன்.

காலையில் பொடி கலக்க வெந்நீர் நான்தான் வைத்துக்கொடுத்தேன். கொஞ்ச காலம் மாடியை ஒரே மூச்சில் ஏறினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கண் மஞ்சளானது. "வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவள் பேசும் நிலையில் இல்லை. இல்லை என்று நான் சொன்னேன்.

அவள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அது நடிப்பில்லை.

கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் என்னிடம் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.