யாரும் ஏறாத நிறுத்தம்

இல்லம்மா, நான் கோபப்படல. என் குரலே இப்படித்தான். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவுல பேசிப் பேசி இப்படி ஆயிடுச்சு. நீ உட்காரு. அந்த ஸ்டூல் வேணாம், அது ஆடும். நாலு தெருவுக்கு மெஷின் ரிப்பேர் பண்றவன் கடையில ஸ்டூலுக்கு ஒரு கால் சரியில்ல, என்ன பண்ணச் சொல்றே? இதுல உட்காரு. ஆங்.

முதல்ல உன்னைக் கரண்ட் மீட்டர் பாக்க வந்த பொண்ணுன்னுதான் நினைச்சேன். ரோட்டையும் பாக்கறே, என் கடையையும் பாக்கறே, மடியில வச்சிருக்கற கம்ப்யூட்டரையும் பாக்கறே. சரி, இப்ப மறுபடியும் நிதானமாச் சொல்லு. ஊர்ல ஓடற பஸ்ஸெல்லாம் எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பஸ் ஆபீஸ்காரங்களே குறிச்சு, யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்கன்னு வெளிய வச்சிருக்காங்க. காசு கிடையாது, பூட்டு கிடையாது. நீயும் உன் சிநேகிதங்களும் வீட்ல உட்கார்ந்து அதை அலசிப் பாக்கறீங்க. இதுக்குச் சம்பளம்? அதுவும் இல்லையா? வீட்ல யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?

சும்மா கேட்டேன்மா. சிரிச்சிட்டியே, அது போதும்.

இதுவா எங்க தெரு? நூலு மாதிரி இருக்கு. பச்சையா இருந்தா பஸ் ஒழுங்காப் போகுதுன்னு அர்த்தம். சரி. இந்தச் சிவப்புப் பொட்டு? என் கடை வாசலா! ஊர் பூரா பச்சைப்பசேல்னு இருக்கு, என் வாசல்ல மட்டும் கொப்புளம் கிளம்பின மாதிரி. இதை யார் வேணும்னாலும் பாக்கலாம்னு வேற சொல்றே. நல்லாருக்கு. நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கே.

அப்ப விஷயம் என்னன்னா, காலையில முதல்ல வர்ற பஸ் இந்த ஸ்டாப்ல வந்து நிக்குது. யாரும் ஏறல, யாரும் இறங்கல. ஒரு டிக்கெட் போடல. ஆனா வண்டி கிளம்ப மாட்டேங்குது. அதனால ஸ்டாப்பையே தூக்கிட்டு, பஸ்ஸைப் பெரிய ரோடு வழியா நேரா விட்டுடலாம்னு நீங்க எழுதிக் குடுக்கப்போறீங்க. நாளன்னைக்கு பஸ் ஆபீஸ்ல அதுக்குக் கூட்டம். அதுக்குள்ள கண்ணால ஒரு தடவை பாத்துடலாம்னு நீ வந்திருக்கே.

ம்.

வாசல்ல நிக்கற அந்த ஸ்டாப் கம்பத்து மேல எனக்குப் பாசம்னு நினைச்சுக்காதே. அதை நடும்போது என்னை ஒரு வார்த்தை கேக்கல. என் போர்டுல பாதியை மறைக்குது, பாரு. நட்டவன் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு. என்னைக்காவது அவன் பொண்டாட்டி மெஷின் மக்கர் பண்ணும், தூக்கிக்கிட்டு இங்கதான் வரணும். அப்ப வச்சுக்கறேன். ஆனாலும் திடுதிப்புனு எடுக்கணுமா, என்ன? பக்கத்து பேக்கரிக்கு மாவு இறக்கற வண்டி குறுக்க நிக்கும், அதனால பஸ் நின்னிருக்கும்.

பின்னாடி வர்ற பஸ் எதுவும் நிக்கலையா? அப்ப நாயா இருக்கும். இங்க ஒண்ணு நடுரோட்ல படுத்துக்கிட்டு எந்திரிக்காது. முதல் பஸ்ஸுக்கு மட்டும் படுக்குமான்னா கேக்கறே? நல்ல வாய்தான் உனக்கு.

வியாழக்கிழமை மட்டும் நிக்கறதில்லையா? வியாழக்கிழமை அவனுக்கு லீவு, எப்படி நிக்கும்?

எவனுக்கா? டிரைவருக்குத்தான். அதெல்லாம் தெருவுல எல்லாருக்கும் தெரியும்மா. அப்படிப் பாக்காதே. சரி, எல்லாருக்கும் தெரியாது.

என்னது, போன மாசம் பொட்டு பெருசாயிடுச்சா? காட்டு. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இது எந்த வாரம்? நல்லாப் பாத்துச் சொல்லு. மழையா இருந்திருக்கும். மழை இல்லையா? அடேயப்பா, அதையும் குறிச்சு வச்சிருக்காங்களா!

அந்த வாரமேதானா?

கொஞ்சம் இரும்மா. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.

ஒண்ணுமில்ல. அந்த வாரம் கடை பூட்டியிருந்துச்சு. கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் பொண்ணு வீட்ல கட்டோட கிடந்தேன். யார்கிட்டயும் சொல்லல. பேக்கரிக்காரன்கிட்டக்கூடச் சொல்லல. சொன்னா ஊர் பூரா வந்து நிப்பாங்க, பழம் வாங்கிட்டு. அப்ப, பூட்டின கடை முன்னாடி அந்த பஸ் நின்னுக்கிட்டே இருந்திருக்கு. அதைத்தானே சொல்றே? முதல் நாளைவிட அடுத்த நாள் அதிகமா. அதுக்கடுத்த நாள் அதைவிட அதிகமா.

ஹாரன் அடிச்சானான்னு இதுல போட்டிருக்கா? இல்லையா? அதையும் குறிக்கச் சொல்லும்மா. பஸ் நின்னுச்சுன்னு மட்டும் எழுதினா ஒருத்தனுக்கு என்ன புரியும்?

சரி, உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் ஷட்டரைத் தூக்கறதைப் பாத்துட்டுத்தான் அவன் போவான். தூக்கினா கிளம்பிடுவான். தினம் இதுதான். கடைக்குப் பின்னாடிதான் நான் குடியிருக்கறது. வெள்ளனவே எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு, உள்பக்கம் ஷட்டர் கொக்கியைப் பிடிச்சுக்கிட்டுத் தயாரா நிப்பேன். பஸ் வந்து நிக்கற சத்தம் கேக்கும். உடனே தூக்க மாட்டேன். கொஞ்சம் நிக்கட்டுமேன்னு விடுவேன். கிளம்பிடறானா இல்லையான்னு பாக்கணும்ல? கிளம்ப மாட்டான். இஞ்சின் உறுமிக்கிட்டே இருக்கும். அப்புறம் தூக்குவேன். வெளிய பாக்கவே மாட்டேன். திரும்பி உள்ள போயிடுவேன்.

பஸ்ல உட்கார்ந்திருக்கறவங்களா?

ஆமா, அவங்களுக்கு வேலைக்கு நேரமாகும்ல. அதை நான் நினைச்சுப் பாக்கலம்மா. நிஜமாவே நினைக்கல. நாளையிலேர்ந்து சட்டுனு தூக்கிடறேன். உன் படத்துல பொட்டு சின்னதாயிடும், வேணும்னாப் பாரு.

அவன் யாரா? தம்பிதான். என் கூடப் பிறந்தவன்.

பேசறதில்ல. ஏன்னா, அவன் கல்யாண போட்டோல என்னைப் பாதியா வெட்டிட்டாங்க. சிரிக்காதே. அவன் மாமனாருக்குச் சித்தப்பா பையனோ யாரோ, முன்ன பின்ன தெரியாத ஆளு, நடுவுல நாற்காலி போட்டு முழுசா உட்கார்ந்திருக்கான். அண்ணன் நான், ஓரத்துல ஒரு காது, ஒரு தோளு, சட்டையில அரைவாசி. அதுக்கு ஃப்ரேம் போட்டு கூடத்துல மாட்டினான். எடுடான்னேன். போட்டோ எடுத்தவன் தப்புண்ணே, நான் என்ன பண்றதுன்னான். எடுக்கல. அன்னைக்கே பேச்சு நின்னுபோச்சு. இப்ப அவனே தாத்தாவாயிட்டான். சின்ன விஷயம்னு உனக்குத் தோணும். ஒரு வீட்டுச் சுவத்துல பாதி ஆளாத் தொங்கிப் பாரு, அப்ப தெரியும். தப்பு அவனோடது. அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

ஆனா அந்த ஒரு வாரம் அவன் என்ன நினைச்சிருப்பான், சொல்லு? யாரையாவது கேட்டிருந்தாலும் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. வண்டியை விட்டு இறங்கி வரவும் முடியாது. திரும்பி வந்து நான் ஷட்டரைத் தூக்கின அன்னைக்கு இஞ்சின் சத்தமே மாறின மாதிரி இருந்துச்சு. வண்டியில ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன், மடையன்.

சரி, அதை விடு. ஸ்டாப் இருக்கணும்னா என்ன பண்ணணும்? கிழவன் சொன்னான், பாவம்னு எழுத முடியாதுதான், தெரியும். ஆள் ஏறணுமா? டிக்கெட் விழுந்தாத்தான் கணக்குல வருமா? எத்தனை பேரு ஏறணும்? ஒருத்தர் தினம் ஏறினாக்கூட நீ கூட்டத்துல எழுந்து சொல்லிப் பாப்பியா? பாப்பே. அதுக்குமேல உன் கையில இல்ல. சரி.

ஆனா அந்த நேரத்துக்கு இங்க யாரு ஏறுவா? பேக்கரிக்காரன் ஸ்கூட்டர் வச்சிருக்கான். எதிர்வீட்டுப் பொண்ணு நடந்தே போயிடும். ஏம்மா என்னையே பாக்கறே? எனக்கு எங்கயும் போகவேண்டிய வேலை இல்லையே. அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து திரும்பி வந்தாலும் ஏறினதாத்தான் கணக்கா?

அப்படியா.

அந்த பஸ்ஸுக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருக்கும்ல? அதுல ஏறினா டிரைவர்கிட்டப் பேசியே ஆகணும்னு ஒண்ணும் இல்லையே?