வெளியே தொங்கிய பூட்டு

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ஆள் நான் இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடி, மோட்டார் அறை, வாசல் கேட் என்று எத்தனை பூட்டு உண்டோ அத்தனைக்கும் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் விதி போடுவார், நான் சாவி வைத்திருப்பேன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. இரண்டு பேருமே ஓய்வு பெற்றவர்கள். ஊர் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் சும்மா இருந்தால் வீட்டில் திட்டு விழும்.

காலையிலிருந்து ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

நோய் பரவத் தொடங்கியதும் மாநில எல்லையை மூடினார்கள். அதைப் பார்த்து எங்கள் செயலாளருக்கும் கை துறுதுறுத்தது. வெளிமாநிலத்திலிருந்து யார் வந்தாலும், பெற்ற பிள்ளையே ஆனாலும், இரண்டு வாரம் வேறெங்காவது இருந்துவிட்டுத்தான் கேட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று விதி போட்டார். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். உயிர்மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை.

அப்போது என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். புற்றுநோய். மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்து மாநிலத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகன் அலைந்து திரிந்து பாஸ் வாங்கி, தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். எல்லைச் சாவடியில் நிறுத்தி, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு விட்டார்கள். அரசாங்கமே விட்ட பிள்ளையை எங்கள் கேட் விடவில்லை. தெருவோரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். "வந்துட்டானா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துகிட்டே இருக்கான்" என்றேன். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். அம்மாவை வண்டியில் ஏற்றும்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

அன்றிலிருந்து எனக்குச் செயலாளர்மேல் கோபம். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல "வணக்கம் சார்" என்பேன். முகக்கவசத்தில் ஒரு வசதி, பல்லைக் கடிப்பது வெளியே தெரியாது.

பிறகு மகளுக்குப் பிரசவம் என்று அவரே எல்லை தாண்டிப் போனார். போவதற்கு முன்னால் விதியை மாற்றினார். இனிமேல் வருகிறவர்கள் தெருவில் கிடக்க வேண்டாம், அவரவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், ஆனால் வெளியே பூட்டுப் போட்டுச் சாவி என்னிடம் இருக்க வேண்டும். இந்தப் பூட்டை எந்த அரசாங்கமும் போடச் சொல்லவில்லை. அது முழுக்க எங்கள் சங்கத்தின் மூளை.

"உங்க பையனுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாதுங்க. அதுக்காகத்தான் மாத்தினேன்," என்று என் வாசலில் நின்று சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. என் பிள்ளைக்குத் தெரு, இவருக்கு வீடு. நான் தலையாட்டினேன்.

மனைவியை மகளிடமே விட்டுவிட்டு, தனியாகத்தான் திரும்பி வந்தார். "பூட்டுங்க சார். விதி போட்டவனே முதல்ல உள்ள போனாத்தான் மத்தவங்க கேப்பாங்க," என்று சிரித்தார். பூட்டினேன்.

என் வீட்டுக்கு நேர் மேல்வீடு அவருடையது. தினமும் பால்கனியிலிருந்து கயிறு கட்டி ஒரு வாளியை இறக்குவார். நான் கீழே நின்று சாமான்களை வைப்பேன். தீர்ந்துபோன மாத்திரை அட்டை வாளியில் வந்தால் அந்த மாத்திரை வேண்டும் என்று அர்த்தம். தக்காளிகூட ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வாளியில் அவருடைய இன்ஹேலர் காலியாக வந்தது. அவருக்கு இளைப்பு உண்டு. நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வாளியில் தக்காளியை வைத்து மேலே அனுப்பினேன். கடையில் இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். கடைப்பக்கமே நான் போகவில்லை. மறுநாள் காலை அவர் இருமுவது என் கூடத்தில் கேட்டது. போன் செய்தார்.

"மூச்சு விட முடியலீங்க... ஆம்புலன்ஸ்..."

"சொல்லிட்டேன் சார். வந்துகிட்டே இருக்கு. நீங்க பேசிட்டிருந்தா அவங்க கூப்பிடறப்ப லைன் கிடைக்காது. போனை வைங்க."

வைத்துவிட்டார். நான் எது சொன்னாலும் நம்புவார், வேறு யாரையும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு டீச்சர் மட்டும் என்ன சத்தம் என்று படியேறப் போனார். "அவருக்கு இருமல்ம்மா. கிட்டப் போகாதீங்க, ஆம்புலன்ஸ் வருது," என்றேன். அடுத்த நிமிஷம் அவர் தன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நான் கூடத்தில் உட்கார்ந்தேன். மேலே தரையைத் தட்டினார். பிறகு வாசல் கதவை இழுத்தார், பூட்டு ஆடிய சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. சரியாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். எல்லாம் அடங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நான் மேலே போய்ப் பூட்டைத் திறப்பதற்குள் வந்துவிட்டது. அடுத்த தெருவிலேயே நின்றிருந்ததாம். அவருக்கு அந்தத் தொற்றே இல்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அவர் போனதும் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், அது மட்டும்தான் என் கணக்கில் தப்பு.

என் மகன் தெருவில் இருந்த அன்று கேட் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்கிறீர்கள். இந்த வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவனும் இதையேதான் கேட்டான். கேட்ட பிறகு என்னோடு பேசுவதில்லை. எல்லாச் சாவியும் என்னிடம்தான் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னேனே. அன்று சாயங்காலம் செயலாளர் கீழே இறங்கி வந்தார். "விதி எல்லாருக்கும்தான். ஆனா சாவி உங்ககிட்டதானே இருக்கு. நான் கதவைச் சாத்திட்டுப் படுத்துடறேன், எனக்கு எதுவும் தெரியாது," என்று சொல்லிவிட்டு மேலே போனார். எனக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. என்னைப் போன்றவர்களுக்கு அந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று டிவியில் நாள் பூராவும் காட்டிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனையை மட்டும் எப்படி நம்புவது? செயலாளர் என்று இருக்கிற மனிதர், "திறங்க" என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. என் மனைவி பிள்ளை முகத்தைப் பார்க்காமல் செத்தது அதனால்தான்.