தோளில் கிடந்த துண்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் கூண்டுச் சண்டை நமக்கு ஞாயிறு காலையில்தான் நேரலையாக வரும். நானும் தங்கை மகன் செல்வகணேஷும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால், கடைசி மணி அடிக்கும்வரை தங்கை பொன்செல்வி எங்களைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாள்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஆரியசாலைச் சந்தையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். இந்த வயதில் இந்தச் சண்டை எதற்கு என்று கேட்பீர்கள், சார். அதில் ஏமாற்ற முடியாது, அதனால் பிடிக்கும். பிடியில் சிக்கியவன் எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். தட்டுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. போன மாசியில் ஒரு பிரேசில்காரன், ஒரு கண் முழுக்க வீங்கி மூடிய நிலையில், கடைசி நிமிடத்தில் எழுந்துவந்து ஜெயித்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து அவனைக் கும்பிட்டேன். அடுத்த வாரம் ஒரு சாம்பியன், எதிராளி முழங்கையை மடக்கிய உடனே தட்டிவிட்டான். டிவியை அணைத்தேன்.

செல்வகணேஷ் சிரித்தான். "கை ஒடிஞ்சிருக்கும் மாமா. அவனும் அடுத்த மாசம் சோறு திங்கணும்லா."

அவனும் கூண்டில் இறங்குகிறவன்தான். கிழக்கேகோட்டைக்கு அந்தப் பக்கம் அபின் என்ற மலையாளிப் பையன் நடத்தும் பயிற்சிக்கூடத்தில் ஆறு வருடம் பழகினான். முதல் பெரிய போட்டி கொச்சியில். இரண்டாம் சுற்றில் கழுத்துப் பிடியில் மாட்டி, தட்டினான். அந்த வீடியோ எங்கள் சந்தை முழுக்கச் சுற்றியது. கொப்பரைக் கடை பிச்சைக்கனி என்னைக் கண்டாலே மூட்டையில் மூன்று தட்டுத் தட்டி, "போதும் அண்ணாச்சி, விட்டுருங்க" என்பான். சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். செல்வகணேஷிடம் சொன்னேன். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, இனி எந்தக் கூண்டிலும் தட்ட மாட்டேன் என்று அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தான். நான் சொல்லி அவன் செய்யாதது எதுவும் இல்லை. நாலு வயதில் அப்பாவை இழந்தவன். காது குத்தியது என் மடியில்.

அடுத்த போட்டி போன மாதம், இதே ஊரில். சண்டையை நிறுத்த வேண்டுமென்றால் வீரனின் ஆட்கள் தங்கள் மூலையிலிருந்து துண்டை உள்ளே எறிவார்கள். அதை மாமாதான் வைத்திருக்க வேண்டும் என்று செல்வகணேஷ் கேட்டுக்கொண்டான். தாய்மாமன் இருக்க அடுத்தவர் எதற்கு என்றான். அபின் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டு, வெள்ளைத் துண்டு ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

"அண்ணாச்சி, ஞான் பறயும்போள் உடனே எறியணும், கேட்டோ." தான் சொன்னதும் எறிய வேண்டும் என்றான்.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியாது. தோளில் போட்டுக்கொண்டேன். என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் தோளில் துண்டு போட்டு சில தெருக்களில் நடக்கக் கூடாது. அவர் நடந்தார். இறக்கச் சொன்னார்கள், இறக்கவில்லை. விலாவில் இரண்டு எலும்பு போயிற்று. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவோம். இதை உங்களுக்குச் சாக்காகச் சொல்லவில்லை. தோளில் துண்டு விழுந்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்பதற்காகச் சொல்கிறேன்.

எதிராளி ஹரியானாக்காரன், நல்ல கை. முதல் சுற்று சமமாகப் போனது. இரண்டாம் சுற்றில் செல்வகணேஷ் தலையில் நிறைய வாங்கினான். இடைவேளையில் அபின் ஐஸ் எடுக்கத் திரும்பிய நேரத்தில், நான் செல்வகணேஷின் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் என் காதருகே சாய்ந்தான்.

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது மாமா. நான் தட்ட மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க துண்டைப் போட்டுருங்க."

இதை வேறு யாரும் கேட்கவில்லை. "இன்னும் ஒரு சுற்றுதான்டே" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான்.

மூன்றாம் சுற்றில் கீழே விழுந்தான். ஹரியானாக்காரன் முதுகில் ஏறி உட்கார்ந்து அடித்தான். செல்வகணேஷின் முகம் எங்கள் மூலையைப் பார்த்தே இருந்தது. அபின் எறியச் சொல்லிக் கத்தினான். என் கை எழவில்லை. மரத்துப்போனது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வயதானவர், பயந்துவிட்டார் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். உங்கள் ஏட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

கை மரக்கவில்லை, சார். அபின் என் தோளிலிருந்து துண்டை உருவ வந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாற்பது வருடம் மூட்டை புரட்டிய கை. அவனால் விடுவிக்க முடியவில்லை. நடுவர் வந்து நிறுத்தும்வரை நான் விடவில்லை.

செல்வகணேஷ் ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தான். கண் திறக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பொன்செல்வி கேட்டாள்: "அண்ணே, கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

"ஜெயிச்சிட்டு வாரேன்னு சொன்னான்" என்றேன்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் கை மரத்துப்போனபோது துண்டை உருவி எறியாமல் விட்டது அபின்தான் என்று அவள் கொடுத்த புகாரில் முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அவளுக்கு அப்படிச் சொன்னதும் நான்தான். நேற்று அபினை நீங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துவந்ததைக் கேள்விப்பட்டேன். அவன் பேரில் குற்றமில்லை. என் குடும்பத்துக் காரியத்துக்கு வெளியாள் ஒருவன் பதில் சொல்லி நிற்பது எங்களுக்கு மரியாதை ஆகாது. அதனால்தான் வந்தேன். துண்டைப் போடச் சொல்லி செல்வகணேஷ் கேட்டான், நான் போடவில்லை. என் தங்கை மகனை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

முடிவில் மட்டும் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். அந்தச் சுற்று முடிய இன்னும் நாற்பது நொடி இருந்தது. நடுவர் அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்.